ஓடாத நாளில்தான் ஜெனரேட்டர் கெடும்



இந்த இதழின் தொழில் பாடத்தில் ஜெனரேட்டரைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். அதை எப்படி ஓட்டுவது என்பதல்ல பாடம். அது நம்ம குழுக்களில் பலருக்கு அத்துப்படி. ஓட்டி முடித்து, அடுத்த வாடகை வரும் வரைக்கும் அதை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதுதான் பாடம். "சும்மா கிடக்கிற மெஷினுக்கு என்னங்க பாடம்?" என்று கேட்பீர்கள். கறவை மாட்டுக் கடன் வாங்கிய குழுக்களைக் கேட்டுப் பாருங்கள். பால் வற்றிய மாதத்திலும் மாட்டைப் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்? ஜெனரேட்டரும் அப்படித்தான். இன்னும் சொல்லப்போனால், பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடி ஓடிக் கெடுவதைவிட, சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம்.

வாடகைக்கு விடும் ஜெனரேட்டர் வருஷம் முழுக்க ஓடாது. வைகாசி, ஆனியில் கல்யாணம் நிறைய. ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது மைக் செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் கூப்பிடுவார்கள். மார்கழியில் அதிகாலை மைக்கோடு சரி. நடுவில் இரண்டு மாதம், மூன்று மாதம் மூலையில் கிடக்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் புயல் என்று ரேடியோவில் சொன்னதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஜெனரேட்டர் வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் என்ன ஆனது என்பது நமக்கு மறக்காது. கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும், செல்போனுக்கு சார்ஜ் போடவும் ஜெனரேட்டர் தேடி அலைந்தார்கள். அப்படி ஒரு நாளில் நம்ம மெஷின் கயிறை இழுத்ததும் ஓடணும். அதற்கான வேலையை முன்கூட்டியே, மெஷினை எடுத்து வைக்கும் அன்றைக்கே செய்திருக்கணும்.

ஒரு குழுவில் நடந்தது

கடலோரக் கிராமத்துக் குழு ஒன்று கடன் வாங்கி ஜெனரேட்டர் எடுத்தது. ஆனி மாதக் கல்யாணம் ஒன்றுக்குப் போய் வந்தது. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் மீதி. "அடுத்த வாடகைக்கு ஆகும்" என்று அப்படியே தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்தார்கள். சிக்கனம்தான், தப்பு சொல்ல முடியாது. ஐப்பசியில் ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டார்கள். கயிறை இழுத்து இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சம். வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். அவர் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வேப்பம்பிசின் மாதிரி மஞ்சளாக ஒட்டிக் கிடந்தது. ஊசித் துளை அளவுக்கு இருக்கும் ஜெட் முழுசாக அடைத்துவிட்டது. அன்றைக்கு வாடகை போனது, மெக்கானிக் கூலி போனது, அந்த மாதத் தவணையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். கூட்டத்தில் "யார் கடைசியா ஓட்டினது?" என்று ஆரம்பித்து இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. உண்மையில் மெஷினை யாரும் கெடுக்கவில்லை. பெட்ரோலைச் சும்மா விட்டதுதான் கெடுத்தது.

பெட்ரோலும் பழசாகும்

அரிசி பழசானால் நல்லது, புளி பழசானால் நல்லது. பெட்ரோலுக்கு அது பொருந்தாது. பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் லேசான பகுதிதான் மெஷினைச் சட்டென்று ஸ்டார்ட் ஆக்குவது. நாள் போகப் போக அது பறந்துவிடும். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து கெட்டியாகிப் பிசினாகும். டேங்கில் நிறைய இருப்பதால் அங்கே மெதுவாக நடக்கும். கார்புரேட்டரின் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் அங்கே வேகமாக நடக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் வேகம்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பங்கில் நாம் வாங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. கரும்புக் கழிவுப்பாகு, அரிசி, மக்காச்சோளம் இவற்றிலிருந்து எடுக்கும் சாராய வகை அது. அது தண்ணீரை இழுக்கும். ஈரக்காற்றிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அடியிலிருந்துதானே மெஷினுக்குக் குழாய் போகிறது? பழைய மெஷினாக இருந்தால் ரப்பர் குழாயையும் கையால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். சின்னச் செலவுதான்.

ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்குள் அடுத்த வாடகை இருந்தால் டேங்கில் பெட்ரோல் இருக்கலாம், கார்புரேட்டரில் இருக்கக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும் என்றால் இரண்டிலும் இருக்கக் கூடாது.

எடுத்து வைக்கும் நாள் வேலை

கார்புரேட்டரைக் காலி செய்வது சுலபம். கடைசியாக ஓட்டும்போது சுவிட்சை ஆஃப் செய்து நிறுத்தாதீர்கள். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு ஓட விடுங்கள். கிண்ணத்தில் உள்ளதைக் குடித்துவிட்டு ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். பிறகு சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் போதும், பாதி மெக்கானிக் செலவு மிச்சம். ஒவ்வொரு வாடகைக்குப் பிறகும் இதைச் செய்யலாம். அப்படியும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கும். நீண்ட நாள் வைப்பதானால் கிண்ணத்துக்குக் கீழே உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு டப்பாவில் வடித்து, மறுபடி முடுக்கிவிடுங்கள். மெஷின் நன்றாக ஆறின பிறகுதான் இந்த வேலை. சூடான சைலன்சர் பக்கத்தில் பெட்ரோலை வடிப்பது தீயைக் கையில் எடுப்பது மாதிரி.

டேங்கில் உள்ளதை எப்படி எடுப்பது? இதைப் பற்றி ஒரு குழுக் கூட்டத்தில் நடந்த பேச்சை அப்படியே தருகிறோம்.

"ஒரு டியூப்ப விட்டு வாயால ஒரு இழு இழுத்தா தானா வந்துட்டுப் போகுது. எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் எடுப்பாரு" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர்.

"வேணாம் அத்தை. வாய்க்குப் போனாக்கூட துப்பிடலாம். ஒரு சொட்டு புரை ஏறி நுரையீரலுக்குப் போனா மூச்சே திணறிடும், ஆஸ்பத்திரியிலதான் கிடக்கணும்" என்றார் ஊக்குநர்.

"அப்ப எப்படிம்மா எடுக்கிறது?"

"கையால அமுக்குற பம்ப் கடையில விக்குது அத்தை. இல்லாட்டி டேப்புக்குக் கீழ இருக்கிற டியூப்பக் கழட்டி, கேனுக்குள்ள விட்டு டேப்பத் திறந்தா தானா இறங்கிடும்."

ஊக்குநர் சொன்னது சரி. வாயால் இழுக்கும் பழக்கத்தை நம்ம வீட்டு ஆண்களுக்கும் சொல்லி நிறுத்த வேண்டும். குழந்தைகள் தெரியாமல் குடித்துவிட்டாலும் இதே ஆபத்துதான். அப்போது வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி எடுக்கும்போதுதான் நுரையீரலுக்குள் போகும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

எடுத்த பெட்ரோல் புதுசாக, சுத்தமாக இருந்தால் அன்றைக்கே யாருடைய வண்டியிலாவது ஊற்றிக்கொண்டு பணத்தைக் குழுக் கணக்கில் வரவு வையுங்கள். பழைய டிவிஎஸ் 50 மாதிரி வண்டி என்றால் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். நிறம் மாறி, புளித்த வாடை அடித்தால் வண்டிக்கும் ஆகாது. அதை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். மெக்கானிக் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், பாகங்கள் கழுவ வைத்துக்கொள்வார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கும் என்றால் இன்னொரு வேலை உண்டு. சுவிட்ச் ஆஃபில் இருக்க, பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு கரண்டி புது என்ஜின் ஆயில் விட்டு, கயிறை மெதுவாக நாலைந்து முறை இழுத்து, பிளக்கை மறுபடி மாட்டுங்கள். உள்ளே ஆயில் பூசிக்கொண்டு துரு பிடிக்காமல் இருக்கும். கடைசியில் கயிறை இழுக்கும்போது ஒரு இடத்தில் கெட்டியாகத் தடுக்கும். அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த நிலையில் உள்ளே வால்வு மூடியிருக்கும், ஈரக்காற்று நுழையாது. பிளக் கழற்றப் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கை வைத்து ஒரு முறை செய்யச் சொல்லி, இரண்டு உறுப்பினர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். இதைத் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவதைவிடப் பெரிய வித்தை என்று நான் நினைக்கவில்லை.

என்ஜின் ஆயிலைக் கறுப்பாக விட்டுவிட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பதும் நல்லதல்ல. புது மெஷினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதுதான் உங்களுக்குக் கணக்கு. புத்தகத்தைத் தீர்மான நோட்டோடு பத்திரமாக வைத்திருங்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் வகை என்றால், நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டுத்தான் மேலே சொன்ன வேலையைச் செய்ய வேண்டும்.

எங்கே வைப்பது?

இதுவரை சொன்னது பணத்தைக் காப்பாற்ற. இனி சொல்வது உயிரைக் காப்பாற்ற. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

நம்ம குழுக்களில் ஜெனரேட்டர் பெரும்பாலும் யார் வீட்டில் இருக்கிறது? ஊக்குநர் வீட்டில், அல்லது யார் வீட்டில் இடம் இருக்கிறதோ அவர் வீட்டில். வீட்டுக்குள் எங்கே? அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில், இல்லையென்றால் நெல் மூட்டைக்குப் பக்கத்தில். திருட்டுப் போகக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் வைக்கிறோம்.

பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. இது முக்கியமான விஷயம். டேங்க் மூடியின் ஓட்டை வழியாக, குழாய் இணைப்பு வழியாக ஆவி வந்துகொண்டே இருக்கும். சாம்பிராணிப் புகை மாதிரி அது மேலே போகாது. காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தவழும். கண்ணுக்குத் தெரியாது. சமையல் கேஸ் கசிந்தால் தரையில் பரவும் என்று கேஸ் கொடுக்கும்போது சொல்கிறார்களே, அதே மாதிரி. ஜெனரேட்டர் ஒரு மூலையில் இருக்கும், அடுப்பு பத்தடி தள்ளி இருக்கும். ஆவி தவழ்ந்து அடுப்புக்குப் போய்ப் பற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி டேங்குக்கு ஓடும். அடுப்புதான் வேண்டும் என்பதில்லை. சாமி விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி, பீடி, ஃப்ரிட்ஜ் ஆன் ஆகும்போது உள்ளே வரும் சின்னப் பொறி, எதுவும் போதும்.

அதனால் ஆள் தூங்கும் வீட்டுக்குள் பெட்ரோல் உள்ள ஜெனரேட்டர் வேண்டாம். கூட்டமைப்புக் கட்டடம், சமுதாயக் கூடம் இவற்றில் தனி அறை கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வெளியே, அடுப்படிச் சுவர் இல்லாத பக்கமாக, தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட சின்னச் சார்ப்பு இறக்கி, கம்பிக் கதவும் பூட்டும் போடுங்கள். கீழே தரையை ஒட்டிக் காற்றுப் போக இடைவெளி இருக்கணும், ஏனென்றால் ஆவி கீழேதான் தங்கும். மேலே மட்டும் ஜன்னல் வைத்தால் பிரயோசனம் இல்லை. கீற்றுக் கொட்டகை கூடாது. வைக்கோல், விறகு பக்கத்தில் கூடாது. மாட்டுக் கொட்டகையில் சாணி, மூத்திர ஈரத்தில் இரும்பு அரிக்கும். உர மூட்டை பக்கத்திலும் அப்படித்தான், உரத்தின் உப்பு ஈரம் இழுத்துத் துரு ஏற்றிவிடும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றே போதும், அங்கே மாதம் ஒரு முறை இரும்புப் பாகங்களை ஆயில் துணியால் துடைத்துவிட வேண்டும்.

வேறு வழியே இல்லை, வீட்டில்தான் வைக்கணும் என்கிற குழுக்கள் இருக்கின்றன, தெரியும். அப்படியானால் டேங்கும் கார்புரேட்டரும் சொட்டு இல்லாமல் காலியாக இருக்கணும். டேங்க் மூடியை வெளியே வைத்தே திறந்து, ஆவி போகும்படி ஒரு பொழுது ஆறவிட்டு, மூடி, பிறகு உள்ளே எடுங்கள். அடுப்பும் விளக்கும் இல்லாத அறையாகப் பாருங்கள்.

நேராக மண் தரையில் வைக்காமல் இரண்டு பலகை அல்லது செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். ஆயில் வழியாமல் சமமாக இருக்கணும். ஓடி முடித்த சூட்டோடு மூடாதீர்கள், குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும். பிளாஸ்டிக் பேப்பரை இறுக்கிச் சுற்றினால் உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும். பழைய போர்வையோ பருத்திச் சாக்கோ போட்டு, மழைச்சாரல் அடிக்கும் இடமானால் அதற்கு மேல் தளர்வாகத் தார்ப்பாய் போடுங்கள். எலி வயரைக் கடிக்கும், ஏர் ஃபில்டருக்குள் கூடு கட்டும். சைலன்சர் வாயில் துணியை அடைத்து வைத்தால் அங்கே நுழையாது. ஆனால் ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்கணும், அதற்குத்தான் கடைசியில் ஒரு அட்டை சொல்லியிருக்கிறோம்.

பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து பரவும். சிறிய தீ என்றால் மணலைப் போடுங்கள். பெரிதானால் மெஷினை விட்டுவிட்டு ஆட்களை வெளியே கொண்டுவந்து 101-க்குப் போன் செய்யுங்கள். கடனை அடைத்துக்கொள்ளலாம்.

கேனில் பெட்ரோல்

"வாடகை வந்தா ஓடிப் போய் வாங்க முடியாது, பத்து லிட்டர் கையில இருக்கட்டும்" என்பார்கள். 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைக்கலாம். இறுக்கமான மூடி போட்ட உலோகக் கேனாக இருக்கணும், ஒரு கேன் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக 30 லிட்டரும் வாங்கி வைக்கணும் என்பதில்லை. பெட்ரோல் பழசாகும் கணக்கை மேலே பார்த்தோமே. ஒரு வாடகைக்கு ஆகும் அளவு போதும், அதுவும் வீட்டுக்கு வெளியே, நிழலில். கேன் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், வெயிலில் பெட்ரோல் விரியும். மேலே எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஒரு சொட்டுகூட வைக்காதீர்கள். பள்ளிக்கூடம் விட்டுத் தாகத்தோடு வரும் பிள்ளை பாட்டிலைப் பார்த்தால் யோசிக்காது.

மழைக்காலத்துக்கு முன்

புரட்டாசி முடிவில் ஒரு நாள் ஒதுக்கி மெஷினை வெளியே எடுங்கள். ஆயில் அளவு, வயர், ரப்பர் குழாய், ஏர் ஃபில்டர் பார்த்து, புது பெட்ரோல் ஊற்றி, கசிவு இருக்கிறதா என்று மோந்து பார்த்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சும்மா ஓட விடாமல் இரண்டு ஃபேன், நாலு பல்பு போட்டு இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மாதம் ஒரு முறை இப்படிச் செய்துவிட்டு, டேப்பை மூடி நிறுத்துங்கள். புயல் நேரத்தில் எப்போது கேட்பார்கள் என்று தெரியாது என்பதால் இந்த மூன்று மாதம் டேங்கில் புது பெட்ரோல் இருக்கலாம்.

மழை பெய்கிறது என்று வைத்த அறைக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கக் கூடாது. தாழ்வாரத்திலும் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று ஆரம்பித்து, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். ஜன்னல் திறந்திருந்தாலும் போதாது. வெட்டவெளியில், வீட்டிலிருந்து இருபதடியாவது தள்ளி, புகை வீட்டுப் பக்கம் வராத மாதிரி வைத்துத்தான் ஓட்டணும்.

பொறுப்பு யாருக்கு?

"எல்லாரும் பார்த்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டோம். இது நமக்குத் தெரிந்த கதை. இரண்டு பேரைத் தீர்மானம் போட்டு நியமியுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், வாடகையில் ஒரு சிறு தொகை அவர்களுக்குக் கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொன்னால் மூன்றாம் மாதம் விட்டுப்போகும், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாவி அவர்களிடம் இருக்கட்டும். வாடகைக்கு எடுத்தவர் திருப்பிக் கொடுக்கும்போது இருவரில் ஒருவர் இருந்து, ஓட்டிப் பார்த்து, டேப்பை மூடி நிறுத்தி வாங்கணும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஓடிய தேதி, எத்தனை மணி நேரம், ஆயில் மாற்றிய தேதி, பெட்ரோல் எடுத்த தேதி, கையெழுத்து. கூட்டத்தில் சேமிப்பு வரவு வாசிக்கும்போது இதையும் ஒரு வரி வாசித்துவிடுங்கள்.

மெஷினின் கைப்பிடியில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். எடுத்து வைத்த அன்றைக்கு என்ன நிலையோ அதைப் பெரிய எழுத்தில் எழுதணும். இப்படி:

"எடுத்து வைத்தது ஆனி 28. டேங்க், கார்புரேட்டர் காலி. ஆயில் புதுசு. சைலன்சரில் துணி இருக்கிறது, எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யவும்."